கோயில் தொல்லியல் படிக்க விரும்பும் மகளின் அப்பாவுக்கு

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "கம்போடியாவின் அங்கோர் வாட், ஜாவாவின் பிரம்பனான் கோயில் என்று பேசுகிறாள், சமஸ்கிருதம் படிக்கப்போகிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் வேலை இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கத் தயங்கிய இன்னொரு கேள்வியும் அதில் இருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் இத்தனை மதிப்பெண் எடுத்த பெண், இதில் போய் வீணாகிவிடுவாளோ?

அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கணக்கும் இயற்பியலும் வீணாகாது. 2012இல் கம்போடியாவில் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் கதிர்களைச் செலுத்தி அங்கோரையும் குலன் மலையையும் அளந்தார்கள். லைடார் என்று அதற்குப் பெயர். காட்டுக்கு அடியில் மறைந்திருந்த மகேந்திரபர்வதம் என்ற பழைய நகரத்தின் சாலைகளும் கரைகளும் அந்த அளவீட்டில்தான் தெளிவாகத் தெரிந்தன. தரவைக் கையாளத் தெரிந்தவர்களுக்கு இந்தத் துறையில் இன்று நல்ல மதிப்பு. வரலாறு மட்டும் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் தடுமாறுகிற இடமும் இதுதான்.

இனி முதல் கேள்வி. "கோயில் தொல்லியல்" என்று உங்கள் மகள் சொல்வது ஒரு வேலை இல்லை, குறைந்தது நான்கு வேலை. எது வேண்டும் என்று அவளைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அவளுக்கே தெரியாது. இந்த வயதில் தெரியாதது தப்பும் இல்லை.

மண்ணைத் தோண்டுகிறவர் ஒருவர். கங்கைகொண்ட சோழபுரத்தில் கோயில் நின்றுகொண்டிருக்கிறது. ராஜேந்திரன் குடியிருந்த மாளிகையோ மண்ணுக்குள் போய்விட்டது. மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது கிடைத்தவை செங்கல் அடித்தளம், கூரை ஓடுகள், சீனப் பீங்கான் துண்டுகள். மண்ணடுக்கையும் பானை ஓடுகளையும் வைத்துக் காலத்தைச் சொல்வது இவர் வேலை. கல்லில் எழுதியதைப் படிக்கிறவர் இன்னொருவர், கல்வெட்டியலாளர். அதிட்டானம் என்கிற அடித்தளம், அதிலுள்ள குமுதம் என்கிற கல் வரிசை, விமானத் தளங்கள் ஆகியவற்றின் அமைப்பைப் பார்த்து இது இந்தக் காலம், இந்தப் பாணி என்று சொல்லும் கட்டடக்கலை வரலாற்றாளர் மூன்றாமவர். சரிந்த கல்லை அதன் இடத்தில் திருப்பி வைக்கிற சீரமைப்பாளர் நான்காமவர். இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டில் செய்ததும், பிறகு மரவேர்கள் சுவரை இறுக்கிக்கொண்டிருக்கும் தா ப்ரோமில் செய்ததும் இந்த நான்காவது வேலைதான். வியட்நாமின் மீ சோன் கோயில்களில் அந்தத் துறை சீரமைப்பு செய்தபோது, 2020இல் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒற்றைக்கல் லிங்கம் ஒன்று மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. செய்தியில் அதன் படத்தை உங்கள் மகள் பார்த்திருக்கக்கூடும்.

இந்த நால்வரும் ஒரே களத்தில் சந்திப்பதும் உண்டு. 2004 சுனாமி மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துக்கொண்டு போனதில் பாறையிலிருந்த கல்வெட்டுகள் வெளியே தெரிந்தன. அவை திருவீழ்ச்சில் என்ற ஊரின் சுப்பிரமணியர் கோயிலுக்குக் கொடுத்த கொடையைப் பற்றிப் பேசின. அப்படியொரு கோயில் அங்கே கண்ணில் படவில்லை. கல்வெட்டைப் படித்தவர் பக்கத்திலிருந்த மேட்டைச் சந்தேகித்தார். தோண்டிப் பார்த்தார்கள், பல்லவர் காலக் கோயில் வந்தது, அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கற்கட்டுமானம் வந்தது. படிக்கத் தெரியாதிருந்தால் அது இன்றைக்கும் வெறும் மணல்மேடுதான்.

சமஸ்கிருதத்துக்கு வருவோம். ஜாவாவில் சங்கல் என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டு, சஞ்சயன் என்ற அரசன் லிங்கம் நிறுவியதைச் சொல்கிறது. எழுத்து பல்லவ எழுத்து, மொழி சமஸ்கிருதம். ஆண்டை எண்ணில் எழுதாமல் "ஸ்ருதி, இந்திரியம், ரசம்" என்று சொற்களால் எழுதியிருக்கிறார்கள். ஸ்ருதி என்றால் வேதம், நான்கு. இந்திரியம் ஐம்பொறி, ஐந்து. ரசம் அறுசுவை, ஆறு. நான்கு, ஐந்து, ஆறு என்று வருவதை வலமிருந்து இடமாக வைத்தால் 654. அது சக ஆண்டு, 78ஐக் கூட்டினால் கி.பி. 732. இலக்கணம் மட்டும் தெரிந்தவருக்கு இந்த ஆண்டு கிடைக்காது. சுவை ஆறு என்று தெரிந்தவருக்குக் கிடைக்கும்.

யாப்பும் அப்படித்தான். இந்தக் கல்வெட்டுகளில் பெரும்பகுதி செய்யுள். கல் உடைந்து பாதி வரி போயிருந்தாலும், விருத்தம், அதாவது செய்யுளின் அளவு, எது என்று தெரிந்தால் எத்தனை அசை போயிருக்கிறது, எது குறில், எது நெடில் என்று கணக்கிட்டுவிடலாம். கணக்கு வருகிற பெண்ணுக்கு இது பிடித்துப்போகும் என்று நினைக்கிறேன்.

ஆனால் சமஸ்கிருதத்தோடு நின்றுவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவியை சமஸ்கிருத முதுகலைக்கு மட்டும் அனுப்பினேன். அருமையாகப் படித்தாள். களத்துக்குப் போன முதல் வாரத்தில் தொலைபேசியில் அழைத்து, "சார், ஸ்லோகம் புரிகிறது, அதற்குக் கீழே இருப்பதுதான் எனக்கு எழுத்துக்கூடத் தெரியவில்லை" என்றாள். தவறு என்னுடையது. தாய்லாந்து எல்லைப் பகுதியில் உள்ள ஸ்தோக் கோக் தொம் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆண்டு 1052. சமஸ்கிருதப் பகுதியில் அரசர்களின் பெருமையும் ஒரு புரோகிதக் குடும்பத்தின் பரம்பரையும் வருகின்றன. நிலம், ஊர், அடிமைகள் என்று கணக்கு வழக்குக்கு வரும்போது மொழி பழைய கேமர், அதாவது கம்போடியாவின் மொழி ஆகிவிடுகிறது. நம் திருவாலங்காட்டுச் செப்பேடும் இப்படித்தான். குலப்பெருமை, தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் சமஸ்கிருதமாக ஓடுகிறது, நிலத்தின் எல்லையும் வரிவிலக்கும் தமிழில் வருகின்றன. அரசன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள நினைத்தான் என்பதை ஒரு மொழி சொல்லும். யார் உழுதார்கள், யார் விளக்கேற்றினார்கள் என்பதை இன்னொரு மொழிதான் சொல்லும்.

உங்கள் மகளுக்கு இருக்கிற பெரிய சொத்து இங்கேதான் இருக்கிறது. தமிழ் அவளுக்குத் தெரியும். கிரந்தம் கற்றுக்கொள்ளச் சில வாரம் போதும். கேமர், ஜாவா, வியட்நாம் பக்கத்துச் சாம் எழுத்துகளெல்லாம் பல்லவ எழுத்தின் வழிவந்தவை. கிரந்தம் பழகிய கண்ணுக்கு அவை முற்றிலும் அந்நியமாக இருக்காது. தவிர தமிழ்க் கல்வெட்டே கடல் கடந்து கிடக்கிறது. தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவைச் சொல்லும் கல்வெட்டு, சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சீனாவின் சுவான்சோவில் 1281இல் தமிழும் சீனமும் சேர்த்து வெட்டியது. இவற்றை நேராகப் படிக்கக்கூடியவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்?

தமிழா வடமொழியா என்கிற சண்டையை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு இந்தத் துறைக்குள் வரச் சொல்லுங்கள். கல்வெட்டை வெட்டியவனுக்கு அந்தச் சண்டை தெரியாது. ஆனால் அலுவலகங்களுக்குத் தெரியும் என்பதையும் ஒளிக்க வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் மத்தியத் தொல்லியல் துறை நடத்தும் நிறுவனத்தின் பட்டயப் படிப்புக்கு வந்த அறிவிப்பில், தகுதிக்கான செம்மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. எதிர்ப்பு எழுந்த பிறகு திருத்திச் சேர்த்தார்கள். ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அறிவிப்பைக் கடைசி வரி வரை படிப்பது நல்லது.

படிப்பு வழி இப்படிப் போகும். இளங்கலையில் வரலாறு எடுத்தால் நேர்வழி. அவள் அறிவியலை விட மனமில்லை என்றால் நிலவியல் எடுத்தாலும் கெட்டுப்போகாது, மண்ணைப் புரிந்துகொள்ள உதவும். அந்த மூன்று வருடத்திலேயே சமஸ்கிருதத்தைச் சான்றிதழ் படிப்பாகத் தொடங்கிவிட வேண்டும். தள்ளிப்போட்டால் வராது. முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறை, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் மற்றும் தொல்லியல் துறை, புனே டெக்கான் கல்லூரி, பரோடா பல்கலைக்கழகம் ஆகியவை இருக்கின்றன. அகழாய்வில் கை பழக வேண்டும் என்றால் டெக்கான் கல்லூரியைத்தான் முதலில் சொல்வேன். சமஸ்கிருத அகராதித் திட்டமும் அதே வளாகத்தில் நடப்பதால் இரண்டு உலகத்து ஆட்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். முதுகலைக்குப் பிறகு கிரேட்டர் நொய்டாவில் மத்தியத் தொல்லியல் துறையின் இரண்டு வருடப் பட்டயம். இடங்கள் மிகக் குறைவு. தமிழகத் தொல்லியல் துறையும் சென்னையில் இப்படியொரு பட்டயம் நடத்துகிறது. தென்கிழக்கு ஆசியாதான் வேண்டும் என்று உறுதியாக நின்றால் பிரெஞ்சு மொழி கட்டாயம். கம்போடியாவின் கல்வெட்டுகளை ஜார்ஜ் சேதேஸ் எட்டுத் தொகுதிகளாகப் பதிப்பித்தது பிரெஞ்சில்தான். புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தூரக் கிழக்குப் பிரெஞ்சுப் பள்ளி என்ற ஆய்வு நிறுவனத்தின் மையமும் அதே ஊரில் இருக்கிறது. ஒரு கோடை விடுமுறையில் அந்த நூலகங்களை அவளுக்குக் காட்டுங்கள். இப்போது தமிழ், சமஸ்கிருதம், கேமர், சாம், பழைய ஜாவானியக் கல்வெட்டுகளைக் கணினியில் குறியிட்டுப் பதிப்பிக்கும் பன்னாட்டுத் திட்டங்களும் நடக்கின்றன. நிரல் எழுதவும் தெரிந்த கல்வெட்டியலாளர் அங்கே தேவைப்படுகிறார்.

இனி பணம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வுக் காலத்தில் மாதம் 37,000 ரூபாய். மத்தியத் தொல்லியல் துறையில் துணைக் கண்காணிப்புத் தொல்லியலாளர், துணைக் கண்காணிப்புக் கல்வெட்டியலாளர் பதவிகளுக்கு யு.பி.எஸ்.சி. ஆளெடுக்கிறது. அடிப்படைச் சம்பளம் 56,100இல் தொடங்கும். கல்வெட்டியலாளர் பதவியில் சமஸ்கிருதத்துக்குத் தனி, திராவிட மொழிகளுக்குத் தனி. மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக வரலாம். கல்லூரி ஆசிரியர் வேலை, அருங்காட்சியகம், சீரமைப்பு ஆலோசனை நிறுவனங்கள் இவையும் உண்டு. சம்பளம் குறை சொல்லும்படி இல்லை. குறை, எண்ணிக்கையிலும் காலத்திலும்தான். இந்த அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதில்லை, வந்தாலும் பதவிகள் கொஞ்சம். பள்ளி முடித்ததிலிருந்து நிலையான வேலை வரை பத்து வருடம் ஆகலாம். நடுவில் ஒப்பந்த ஆய்வு உதவியாளராகக் குறைந்த சம்பளத்தில் இரண்டு மூன்று வருடம் ஓடும். அந்த இடைவெளியை உங்கள் குடும்பம் தாங்குமா என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, கையில் காகிதம் வைத்துப் பேசுங்கள். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்ற நிலை என்றால், வெளிநாட்டு முதுகலையை உதவித்தொகை கிடைத்தால் மட்டும் யோசியுங்கள். முனைவர் பட்டத்துக்கு லைடன், பாரிஸ், லண்டன் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பெண்பிள்ளை கூடாரத்தில் தங்கி வேலை செய்வது பற்றி எழுதியிருந்தீர்கள். நியாயமான கவலை. வெயில், தூரம், கழிப்பறை வசதி எல்லாமே களத்துக்குக் களம் மாறும். சேர்வதற்கு முன் அந்தத் துறையின் சீனியர் மாணவிகளிடம் அவளே பேசட்டும், நீங்கள் பேச வேண்டாம். ஒன்று மட்டும் சொல்கிறேன். தேபலா மித்ரா 1958இல் ஒடிசாவின் ரத்னகிரியில் பௌத்த மடாலயங்களை அகழ்ந்தார். 1981இல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநரானார். அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான்.

இப்போதைக்கு விண்ணப்பம் எதுவும் போட வேண்டாம். கல்வெட்டு உள்ள பழைய கோயில் ஒன்றுக்கு அவளை ஒரு சனிக்கிழமை காலை அனுப்புங்கள். அதிட்டானத்தில் ஓடும் வரிகளில் பத்தை நோட்டில் பார்த்து எழுதட்டும். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்போ மாவோ தடவக் கூடாது, அது கல்லைக் கெடுக்கும். சாய்ந்து விழும் காலை வெயிலிலேயே எழுத்து நன்றாகத் தெரியும். பத்து வரியில் முதல் நாள் மூன்று சொல்தான் புரியும். "ஸ்வஸ்தி ஸ்ரீ" புரியும், "யாண்டு" புரியும், அப்புறம் ஏதோ ஒன்று. மிச்சத்தை வீட்டில் உட்கார்ந்து தேடட்டும். அடுத்த வாரமும் போகட்டும்.

மூன்றாவது சனிக்கிழமை நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். அவளாகவே நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினால் அந்த நோட்டோடு என்னிடம் அழைத்து வாருங்கள், எந்தக் கல்லூரி என்று அப்போது முடிவு செய்யலாம். கிளம்பாவிட்டாலும் வரலாம். அங்கோர் வாட்டின் அழகில் மயங்கியவளுக்குக் கட்டடக்கலைப் படிப்பு பொருந்தக்கூடும், அதற்கு அவளுடைய கணக்கு மதிப்பெண் தாராளமாகப் போதும்.