1954 விம்பிள்டன்: கிருஷ்ணனா, ட்ரோப்னியா?

உங்கள் விநாடி வினாவில் வந்த '1954-இல் விம்பிள்டன் டென்னிஸ் பட்டம் வென்றவர் யார்?' என்ற கேள்விக்குக் கிருஷ்ணனா, ட்ரோப்னியா, எது சரியான விடை என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு விடையும் சரி, கேள்விதான் அரைகுறை. 1954 ஆண்கள் ஒற்றையர் சாம்பியன் யாரோஸ்லாவ் ட்ரோப்னி. இறுதியில் கென் ரோஸ்வாலை வென்றார். அதே ஆண்டு சிறுவர் ஒற்றையர் பட்டம்தான் ராமநாதன் கிருஷ்ணனுடையது.

உங்கள் காரைக்குடி விநாடி வினாத் தாளில் 'சிறுவர்' என்ற சொல் விடுபட்டிருக்க வேண்டும். நம் ஊர்ப் பக்கம் பேச்சிலும் அப்படித்தான், "கிருஷ்ணன் விம்பிள்டன் ஜெயிச்சவர்" என்று பாதியோடு நிறுத்திவிடுவார்கள். போன வருடம் தேவகோட்டையில் இதே கேள்விக்கு ட்ரோப்னி என்று சரியாகச் சொன்ன பிள்ளைக்கு மதிப்பெண் போனது, பாவம்.

விம்பிள்டன் இணையதளத்தில் சிறுவர் பிரிவுப் பட்டியலைத் தனியாகத் திறந்து பாருங்கள். 1954-க்கு நேரே கிருஷ்ணன், தோற்றவர் ஆஷ்லி கூப்பர் என்று இருக்கும். அந்தக் கூப்பர் 1958-இல் ஆண்கள் பட்டமே வாங்கினார்! கிருஷ்ணன் பெரியவர் பிரிவில் எட்டியது அரையிறுதி வரை: 1960-இல் நீல் ஃப்ரேசரிடமும், 1961-இல் ராட் லேவரிடமும் தோற்றார். இருவரும் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள்.

அப்புறம், விடையில் ராமநாதன் கிருஷ்ணன் என்று முழுப் பெயரையும் போடுங்கள். மகன் ரமேஷ் கிருஷ்ணனும் 1979-இல் அதே சிறுவர் பட்டத்தை வென்றவர்.