மணல்திட்டின் மேல் நிற்கும் வீடு

கேள்வி: அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தண்ணீருக்கு நடுவே, இரும்புக் கால்களின் மேல் ஓர் அறுகோண மரவீடாக நிற்கும் தாமஸ் பாயிண்ட் ஷோல் கலங்கரை விளக்கத்தைப் படத்தில் பார்த்தேன். கரையில் கற்கோபுரமாகக் கட்டாமல் அதை அங்கே நிறுத்தியது ஏன்?

பதில்: கரையிலும் கட்டிப் பார்த்தார்கள், அதுவும் இரண்டு முறை. மேரிலாந்து மாநிலத்தில், அன்னாபொலிஸ் நகருக்குத் தெற்கே உள்ள நிலமுனையில் 1825-இல் எழுந்த கோபுரத்தைக் கரையரிப்பு நெருங்கிவிட்டதால், 1838-இல் அதற்குப் பதிலாக வேறொன்று கட்டப்பட்டது. ஆனால் கப்பல்களுக்கு ஆபத்து அந்த முனையில் இல்லை. அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல் நீருக்கடியில் நீண்டு கிடக்கும் மணல்திட்டில்தான் இருந்தது. கரையிலிருந்த விளக்கு கரையைக் காட்டியதே தவிர, திட்டு எங்கே முடிகிறது என்பதைக் காட்டவில்லை. இது தெரிந்திருந்தும் அரை நூற்றாண்டு அதையே வைத்துக்கொண்டு காலம் தள்ளியதற்குச் சிக்கனம் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

1873-இல் நாடாளுமன்றம் 20,000 டாலர் ஒதுக்கியது. அது போதாமல் பின்னர் மேலும் பணம் கேட்க வேண்டியிருந்தது. கனத்த கற்கோபுரத்தைத் தாங்கும் உறுதி அந்த இளகிய கடலடித் தரைக்கு இல்லை என்பதால், பெல்ஃபாஸ்டில் வாழ்ந்த பார்வையற்ற பொறியாளர் அலெக்சாண்டர் மிட்செல் 1833-இல் காப்புரிமை பெற்ற திருகுத்தூண் முறை கைகொடுத்தது. இரும்புத் தூணின் அடியில் அகன்ற திருகுத் தகடு இருக்கும். தூணைச் சுழற்றச் சுழற்ற அது சேற்றுக்குள்ளும் மணலுக்குள்ளும் இறங்கிப் பிடித்துக்கொள்வதோடு, மேலிருக்கும் பாரத்தையும் பரப்பித் தாங்கும். அலைகளோ தடையின்றித் தூண்களுக்கிடையே புகுந்து போய்விடும். டெலவேர் விரிகுடாவின் பிராண்டிவைன் திட்டில் 1850-இல் அமெரிக்காவின் முதல் திருகுத்தூண் விளக்கம் ஒளிர்ந்தது. தாமஸ் பாயிண்டில் 1875 நவம்பரில் விளக்கேற்றினார்கள். கைவிடப்பட்ட கரைக் கோபுரம் 1894-இல் சரிந்து விழுந்தது.

கேள்வி: அலைகளைத் தாங்கும் அந்தக் கால்கள், குளிர்காலத்தில் மிதந்து வரும் பனிப்பாளங்களைத் தாங்குமா?

பதில்: அதுதான் இவ்வகை விளக்கங்களின் பெருங்குறை. 1877-லேயே பனிப்பாளங்கள் மோதிய அதிர்ச்சியில் தாமஸ் பாயிண்டின் லென்ஸ் விழுந்து உடைந்தது. அதே விரிகுடாவின் ஷார்ப்ஸ் தீவு விளக்கத்துக்கு 1881-இல் நேர்ந்தது இன்னும் மோசம்: பனி அந்த வீட்டையே கால்களிலிருந்து பெயர்த்து இழுத்துச் சென்றது. உள்ளே இருந்த காவலர்கள் பல மணிநேரம் வீட்டோடு மிதந்து, அது தரைதட்டிய பிறகு உயிர்தப்பியதோடு லென்ஸையும் மீட்டு வந்தார்கள். அதற்குப் பின் அங்கே திருகுத்தூண் நாட்டப்படவில்லை. காங்கிரீட் நிரப்பிய இரும்பு உருளையே அடித்தளமாயிற்று.

தாமஸ் பாயிண்டைச் சுற்றிலும் பனியை உடைக்கும் தூண்களை நட்டு, பாறைக்கற்களையும் கொட்டிக் காத்தார்கள். மற்றவை ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டபோது, 1970-களில் இதையும் பிரித்துவிடக் கடலோரக் காவல்படை எண்ணியது. மக்களின் எதிர்ப்பால் அது நடக்கவில்லை. காவலர்கள் இருந்த காலம் 1986-இல் தானியங்கி முறையோடு முடிந்தது. 1999-இல் தேசிய வரலாற்றுச் சின்னமான இக்கட்டடம், 2004-இல் அன்னாபொலிஸ் நகரத்தின் உடைமையானது. செசபீக்கில் தொடக்கத்தில் நிறுவிய இடத்திலேயே இன்றும் நிற்கும் திருகுத்தூண் வீடு இது ஒன்றே.