கூட்டம் பிற்போடப்பட்டதா, ஒத்திவைக்கப்பட்டதா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் செயலாளர் நான். 'கூட்டம் 4 மணிக்கு மாற்றப்பட்டுள்ளது' என்று மின்தூக்கி அருகே அறிவித்தல் ஒட்டினேன். பாதிப் பேர் 6 மணிக்கு வந்தார்கள். பிற்போடு, ஒத்திவை, தள்ளிவை, இவற்றுள் எது எதற்கு? நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தால் என்ன எழுதுவது?"

இன்னும் தொடங்காத ஒன்றின் நாளைப் பின்னுக்கு நகர்த்தினால் பிற்போடு. நம் நாட்டுப் பத்திரிகைகளுக்குப் பழகிய சொல். பின் என்பதன் னகரம் பகரத்துக்கு முன் றகரமாகிறது, பிற்பகலில் ஆவதுபோல. எனவே 'பின்போடு' வேண்டாம். புதிய நாள் 'கு' உருபு ஏற்கும்: 2020 ஏப்ரல் 25இல் நடக்கவிருந்த பாராளுமன்றத் தேர்தல் ஜூன் 20க்கும், பிறகு ஓகஸ்ட் 5க்கும் பிற்போடப்பட்டது. 'கூட்டம் பிற்போட்டுள்ளது' என்று எழுதுகிறவர்களைக் கேட்கிறேன்: அந்தக் கூட்டம் எதைப் பிற்போட்டது?

ஒத்திவை சபைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. பத்திரிகைகள் இரண்டையும் கலந்தே எழுதுகின்றன. நான், தொடங்கியதை இடையில் நிறுத்தித் தொடரும்போது மட்டும் ஒத்திவை என்பேன். அதற்குத் துணை 'வரை': புதுக்கடை நீதிமன்றத்தில் விசாரணை 14ஆம் திகதி வரை ஒத்திவைக்கப்பட்டது.

தள்ளிவை வீட்டுச் சொல். கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம். பெண்ணைத் தள்ளிவைத்தார்கள் என்றால் கதையே வேறு.

முன்னுக்குக் கொண்டுவருவதுதான் சிக்கல். சிலர் 'முற்படுத்தப்பட்டது' என்கிறார்கள். இங்கே சந்தேகநபர்தான் நீதிமன்றத்தில் முற்படுத்தப்படுவார்; உங்கள் கூட்டம் என்ன குற்றம் செய்தது? தனிச் சொல் தேடி அலையத் தேவையில்லை. ஓர் ஏகாரம் போதும். '4 மணிக்கே' என்றால் நேரம் முந்திவிட்டது. '8 மணிக்குத்தான்' என்றால் பிந்திவிட்டது. 'மாற்றப்பட்டுள்ளது' என்பதில் இந்தத் திசை இல்லை, பழைய நேரமும் இல்லை. உங்கள் 4ஐப் பார்த்தவர்கள் எந்தக் கூட்டமோ என்று கடந்து போயிருப்பார்கள்.

அடுத்த முறை இப்படி ஒட்டுங்கள்: "சனிக்கிழமை மாலை 6 மணிக்கு நடைபெறவிருந்த கூட்டம், அன்றே 4 மணிக்கே தொடங்கும்."