சரிபார்த்த தேதியைப் பாருங்கள்: அரசுத் தரவுத்தளப் பட்டியல் பற்றிய கேள்வி பதில்

பட்டா, வில்லங்கம், வழக்கு நிலவரம், வாக்காளர் பட்டியல் என்று தமிழ்நாட்டில் யார் வேண்டுமானாலும் இணையத்தில் தேடிப் பார்க்கக்கூடிய அரசுத் தரவுத்தளங்களைத் திரட்டி, தமிழில் விளக்கம் எழுதி, ஒரே பட்டியலாகப் பராமரித்து வருகிறோம். எல்லோரும் தன்னார்வலர்கள். நான் கல்லூரி நூலகர். பதிவுத் துறை, வருவாய்த் துறை, நீதிமன்றம் மூன்றும் என் பொறுப்பு. பட்டியலைப் பயன்படுத்துகிறவர்கள் கேட்ட கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த வரைக்கும் இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, கூகுளில் தேடினால் எல்லாம் வந்துவிடுகிறதே. தனியாக ஒரு பட்டியல் எதற்கு? (மாணவர், மதுரை)

எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அண்ணன் ஒருவர் இரண்டு சென்ட் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கவிருந்தார். அந்த மனையின் மேல் விற்பனையோ அடமானமோ பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்க்க ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிருக்கிறார். 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு தாள் கொடுத்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கடைசி ஐந்து வருடத்துக்கு மட்டும்தான் தேடியிருந்தார்கள். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்க விவரத்தைப் பார்வையிடக் கட்டணமே கிடையாது, எந்தத் தேதியிலிருந்து வேண்டும் என்பதை நாம்தான் கொடுக்கிறோம். அன்று இரவே முப்பது வருடத்துக்குப் போட்டுப் பார்த்தோம். எட்டு வருடத்துக்கு முந்தைய அடமானம் ஒன்று நின்றுகொண்டிருந்தது. கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகவே இல்லை. அண்ணன் அட்வான்ஸ் கொடுக்கவில்லை.

தம்பி, கூகுள் உங்களுக்கு முகவரியைக் காட்டும். அதற்கும் மேலே விளம்பரங்களையும், அரசுத் தளம் போலவே நிறமும் முத்திரையும் வைத்த தனியார் தளங்களையும் காட்டும். எத்தனை வருடத்துக்குத் தேட வேண்டும், எந்தக் கட்டத்தில் என்ன போட வேண்டும், வந்த பதிலை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லாது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: முகவரி ஜிஓவி டாட் இன் என்றோ, பழைய தளமாக இருந்தால் என்ஐசி டாட் இன் என்றோ முடிய வேண்டும். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

எதையெல்லாம் சேர்ப்பீர்கள், எதைச் சேர்க்க மாட்டீர்கள்?

நாம் ஒரு கேள்வி போட்டால் ஒரு பதிவு பதிலாக வர வேண்டும். அதுதான் அளவுகோல். துறையின் வரலாறும் அமைச்சர் படமும் மட்டும் உள்ள பக்கம் தரவுத்தளம் ஆகாது. ஊழியர்கள் மட்டும் நுழையக்கூடிய தளத்தையும் சேர்க்க மாட்டோம். கைப்பேசி எண் கேட்டு ஓடிபி அனுப்பும் தளங்களைச் சேர்க்கிறோம், ஆனால் அப்படிக் கேட்கும் என்று முதல் வரியிலேயே எழுதிவிடுவோம்.

ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் 'சரிபார்த்த தேதி' என்று ஒன்று இருக்கிறதே. லிங்க் வேலை செய்கிறதா என்று பார்ப்பதைத்தான் சொல்கிறீர்களா? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

இல்லை, பட்டியலின் உயிரே அந்தத் தேதியில்தான் இருக்கிறது. லிங்க் திறப்பது மிகச் சின்ன விஷயம். பக்கம் அழகாகத் திறக்கும், மாவட்டம் தேர்ந்தெடுத்தால் வட்டம் வராது. வட்டம் வந்தால் கிராமம் வராது. எல்லாம் வந்து கேப்ச்சாவும் போட்ட பிறகு வெள்ளைப் பக்கம் ஒன்று வரும். இதையெல்லாம் தானியங்கி நிரல் 'நலம்' என்றே குறித்துக்கொள்ளும், ஏனென்றால் சர்வர் ஏதோ ஒரு பதில் கொடுத்துவிட்டது.

அதனால் ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் ஒரு சோதனைக் கேள்வி வைத்திருக்கிறோம். பதில் என்னவென்று நமக்கு முன்பே தெரிந்த கேள்வி அது. நிலப் பதிவேட்டுக்கு நான் வைத்திருப்பது ஒரு அரசுப் பள்ளி இருக்கும் இடத்தின் புல எண், அதாவது சர்வே எண். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் எல்லாம் போட்டு, நிலம் யாருடையது, எவ்வளவு பரப்பு என்று சொல்லும் அ-பதிவேட்டை எடுப்பேன். அரசு நிலம் என்றும், போன தடவை பார்த்த அதே பரப்பும் வர வேண்டும். வந்தால் மட்டும்தான் தேதியை மாற்றுவேன். தனியார் யாருடைய நிலத்தையும் சோதனைக்குப் பயன்படுத்துவதில்லை. பொதுவில் கிடைக்கிறது என்பதற்காக அடுத்தவர் வீட்டுப் பத்திரத்தை வாராவாரம் புரட்டிப் பார்ப்பது முறையாகாது.

நிரலும் வைத்திருக்கிறோம். தளம் அடியோடு விழுந்துவிட்டால் அது உடனே சொல்லிவிடும். மிச்சத்தை மனிதர்கள்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் ஊர் சேரன்மகாதேவி பக்கம். வில்லங்கம் பார்க்க 'திருநெல்வேலி' என்று போட்டால் எங்கள் ஊரே வரவில்லை. தளம் தப்பா, நான் தப்பா? (ஓய்வுபெற்ற ஆசிரியர்)

யார் மேலும் தப்பில்லை ஐயா. வருவாய்த் துறையின் மாவட்டமும் பதிவுத் துறையின் மாவட்டமும் வேறு வேறு. வருவாய்த் துறைக்குச் சேரன்மகாதேவி என்று ஒரு மாவட்டம் கிடையாது, பதிவுத் துறைக்கு உண்டு. பட்டா தேடும்போது திருநெல்வேலி மாவட்டம், சேரன்மகாதேவி வட்டம் என்று போக வேண்டும். வில்லங்கத்துக்கு முதலில் மண்டலம், அப்புறம் சேரன்மகாதேவி பதிவு மாவட்டம், அப்புறம் உங்கள் சார்பதிவாளர் அலுவலகம், அதற்குள் கிராமம். உங்கள் பழைய பத்திரத்தின் முதல் பக்கத்து முத்திரையில் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயர் இருக்கும். அதை வைத்துத் தொடங்குங்கள், ஊரைத் தேடி அலைய வேண்டாம்.

இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு என்று ஐந்து புதிய மாவட்டங்கள் வந்தன. 2020இல் மயிலாடுதுறை வந்து மொத்தம் 38 ஆனது. எல்லாத் துறைகளும் ஒரே நாளில் மாறிக்கொள்ளவில்லை. பழைய புள்ளிவிவரத்தில் தென்காசியைத் தேடினால் இருக்காது, அது திருநெல்வேலிக்குள் இருக்கும். ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் 'எந்தக் கால மாவட்ட எல்லை' என்று ஒரு வரி சேர்த்து வருகிறோம். பாதிதான் முடிந்திருக்கிறது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோதும் இதே சிக்கல் வேறு உருவத்தில் வந்தது. முந்தைய தீவிரத் திருத்தத்தின் பட்டியல் விவரத்தைப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். அதற்காக அப்பா அம்மா பெயரைப் பழைய பட்டியலில் தேடியவர்கள் இன்றைய தொகுதிப் பெயரைப் போட்டுப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று பதறிப்போனார்கள். அந்தப் பட்டியல்கள் 2008 தொகுதி மறுவரையறைக்கு முந்தையவை. சேரன்மகாதேவி என்றே அப்போது ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது, இப்போது இல்லை. பழைய தொகுதியின் பெயரைச் சொன்னதும் பல வீடுகளில் பெயர் கிடைத்துவிட்டது. அந்த மாதம் எங்களுக்குத் தூக்கமே இல்லை. செய்த வேலையில் மிகவும் நிறைவாக இருந்தது அதுதான்.

அரசு வெளியிட்ட பிடிஎஃப் கோப்பில் என் ஊர்ப் பெயர் கண்ணுக்குத் தெரிகிறது. தேடினால் 'இல்லை' என்கிறது. ஏன்?

அந்தக் கோப்பு பெரும்பாலும் வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டதாக இருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு வெறும் ஆங்கிலக் குறிகள். இரண்டு சொல்லை நகலெடுத்து வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள், எழுத்துக் குப்பையாக வந்தால் காரணம் இதுதான். 2010இலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் கணினித் தமிழுக்கான குறியாக்கத் தரமாக ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துரு பல அலுவலகக் கணினிகளில் தங்கிவிட்டது. கோப்பின் உரையை எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிக்கொண்டு தேடலாம். ஸ்கேன் செய்த படமாக இருந்தால் அதுவும் முடியாது, பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஆங்கில எழுத்துக்கூட்டலும் இதே அளவு தொல்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தூத்துக்குடிக்கு ஒரு துறை ஒரு கூட்டல், இன்னொரு துறை இன்னொரு கூட்டல். ஒன்றில் வரவில்லையென்றால் மற்றதைப் போட்டுப் பாருங்கள்.

நீதிமன்றத் தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் எங்கள் வழக்கு வருவதில்லை மேடம்.

முழுப் பெயரைப் போடாதீர்கள். சுப்பிரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று யோசியுங்கள். முதல் நான்கைந்து எழுத்தும் ஆண்டும் மட்டும் போடுங்கள். அதைவிட நல்லது சிஎன்ஆர் எண். ஒவ்வொரு வழக்குக்கும் 16 இலக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒன்று உண்டு, வக்கீலிடம் கேட்டு எழுதி வையுங்கள். உயர் நீதிமன்ற வழக்கு என்றால் சென்னையா, மதுரைக் கிளையா என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கிறேன். பட்டியலில் உள்ள பல தளங்கள் இங்கே திறப்பதே இல்லை. தளம் செத்துவிட்டதா?

இல்லை. இந்திய அரசுத் தளங்களில் பல, பாதுகாப்புக்காக வெளிநாட்டு இணைய முகவரிகளைத் தடுத்து வைத்திருக்கின்றன. ஊரில் உள்ள உறவினரைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பெயர் தெரியாத இலவச விபிஎன்களில் போய் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் தட்டிவிடாதீர்கள், அது பெரிய ஆபத்து. நீங்கள் ஒரு உதவி செய்ய முடியும்: அங்கே எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று எழுதி அனுப்புங்கள். இங்கிருந்து அதை எங்களால் சோதிக்க முடியாது.

பொதுமக்களின் சொந்த விவரம் கசியும் தளத்தையும் பட்டியலில் சேர்ப்பீர்களா?

சேர்க்க மாட்டோம். கண்ணில் பட்டால் முதலில் துறைக்கு எழுதுவோம், வெளியே பேச மாட்டோம். இது கற்பனை பயம் இல்லை. சுமார் 210 அரசுத் தளங்களில் பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் விவரமும் வெளியாகியிருந்ததாக ஆதார் ஆணையமே 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் சொன்னது.

ஆனால் 'தனிநபர் விவரம்' என்ற பெயரில் பொதுப்பணத்தின் கணக்கை மறைப்பதையும் நாங்கள் ஏற்கவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் வருகைப் பதிவேடு பொதுவில் இருந்ததால்தான், வேலைக்கே வராதவர் பெயரில் கூலி போனதை ஊர்க்காரர்கள் கேட்க முடிந்தது. ஆதார் எண் வெளியே வரக் கூடாது, கூலிக் கணக்கு வெளியே இருக்க வேண்டும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தில் எந்தத் தகவலைத் தர மறுக்கலாம் என்று சொல்லும் எட்டாம் பிரிவை மாற்றிய விதம் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒரு தளத்தையே அரசு எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

பக்கங்களை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் சேமித்து வைக்கிறோம். ஆனால் அது பக்கத்தைத்தான் படம் பிடிக்கும். கேள்வி போட்டால் மட்டும் வரும் பதிவுகள் அதில் சேராது. தேடும் கட்டம் மிஞ்சும், உள்ளே இருந்தது போய்விடும். கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருந்தால் உடனே இறக்கி வைக்கிறோம். வழி இல்லாத இடத்தில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்னென்ன விவரம் இருந்தது என்றாவது எழுதி வைக்கிறோம். இன்னொருவர் தகவல் உரிமையில் கேட்க அது பிடிமானமாக இருக்கும்.

2025 தொடக்கத்தில் அமெரிக்காவில் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பல பக்கங்கள் திடீரென்று காணாமல் போயின. அப்போது ஹார்வர்டு சட்ட நூலகம் அந்நாட்டு அரசின் தரவு வாசலிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தரவுத்தொகுப்புகளைப் பிரதி எடுத்து வெளியிட்டது. எங்களுக்கு அந்த வசதி இல்லை, ஆனால் அந்தப் பொறுப்பு நூலகத்துக்கு உண்டு என்று நானும் நம்புகிறேன். இந்தப் பட்டியலுக்கு முன்மாதிரியே அமெரிக்க நூலகர்கள்தான். ஐம்பது மாநிலங்களின் அரசுத் தரவுத்தளங்களையும், மாநிலத்தை ஆளுக்கு ஒன்றாகப் பகிர்ந்துகொண்டு தன்னார்வலர்களாகவே பட்டியலிட்டு வருகிறார்கள். நாங்கள் துறை துறையாகப் பிரித்துக்கொண்டோம்.

பிழை சொன்னால் துறைகள் கேட்கிறார்களா?

சில இடங்களில் அன்றே சரி செய்கிறார்கள். ஒரு அலுவலகத்தில் தளத்திலிருந்த தொலைபேசி எண்ணே பல வருடமாக உபயோகத்தில் இல்லை, மின்னஞ்சலும் திரும்பி வந்தது. கடைசியில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதினோம். கேட்டது ஒரே கேள்விதான்: தகவல் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஆ) பிரிவுப்படி தாமாகவே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களும் எந்த முகவரியில், எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டன? முப்பது நாள் கெடுவுக்குள் பதில் வந்தது. அதற்கு முன்பே தளம் சரியாகியிருந்தது. சண்டை போடுகிற தொனி வேண்டாம். அந்தப் பக்கமும் ஒரே ஆள் பத்து வேலை பார்க்கிறார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன். இலங்கைக்கும் இப்படிச் செய்வீர்களா?

எங்களால் முடியாது. உள்ளூரில் இருப்பவர்தான் செய்ய வேண்டும், பெயரும் எல்லையும் அலுவலகமும் அவருக்குத்தான் தெரியும். தொடங்க நல்ல இடம் அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் ஆவணத் தளம். வர்த்தமானியும் சட்டங்களும் மூன்று மொழியிலும் அங்கே கிடைக்கின்றன. கேட்டுப் பெறுவதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களிடம் இருக்கிறது. ஒவ்வொரு தரவுத்தளத்தையும் பற்றி எழுத நாங்கள் பயன்படுத்தும் படிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நானும் சேரலாமா அக்கா? எனக்கு நிரல் எழுதத் தெரியாது. (இல்லத்தரசி, திண்டுக்கல்)

தாராளமாக. எங்களில் மிகவும் நன்றாகச் சரிபார்க்கிறவர் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கும் நிரல் தெரியாது. ஒரே ஒரு தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கடை விவரம் பார்க்கும் தளம் இப்போது ஆளில்லாமல் இருக்கிறது. உங்கள் தெருக் கடையின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். என்ன வந்தது, என்ன வரவில்லை, எந்தச் சொல் புரியவில்லை என்று எழுதுங்கள். கீழே அன்றைய தேதியைப் போடுங்கள். மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். பார்க்க முடியாத மாதம் பழைய தேதியையே விட்டுவிடுங்கள், பார்க்காமல் மாற்றிவிடாதீர்கள்.