ஜெர்மனியில் விருந்து: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கணவரின் அலுவலக நண்பர்கள் ஆறு பேர் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குச் சாப்பிட வருகிறார்கள். போன முறை வந்தவர்கள், நான் பரிமாறிக்கொண்டு நின்றவரை தட்டையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கேட்டுக் கேட்டுப் போட்டும் முகம் மலரவில்லை. சமையல் பிடிக்கவில்லையோ?
- வாசகி, ஸ்டுட்கார்ட்

சமையலில் குறை இருந்திருக்காது. நீங்கள் உட்காராததுதான் காரணம். வீட்டுக்காரர்களும் மேசையில் அமர்ந்து, 'குட்டன் அப்பெட்டீட்' (நன்றாகச் சாப்பிடுங்கள்) சொன்ன பிறகே அங்கே முதல் வாய் வைப்பார்கள். அதனால் தோசை, பூரி, ஆப்பம் வேண்டவே வேண்டாம். யாராவது ஒருவர் அடுப்பைக் கட்டி அழவேண்டிவரும். முன்கூட்டியே முடிகிற சமையலாக வைத்துக்கொண்டு, மூடிய பீங்கான் பாத்திரங்களில் 80 டிகிரி ஓவனில் வையுங்கள். மெதுவடையை ஆறு மணிக்கே பொரித்துவிட்டு, மூடாமல் 180 டிகிரியில் ஆறேழு நிமிடம் வைத்தால் மறுபடி மொறுமொறுக்கும். மூடி வைத்தால் வியர்த்துத் தொளதொளத்துவிடும்.

ஏழு மணி என்றால் ஏழுக்கு மணி அடிப்பார்கள். ஏழரைக்காவது சாப்பாடு மேசைக்கு வந்துவிட வேண்டும். பெரும்பாலும் பசியோடுதான் வருவார்கள்.

உங்களையும் சேர்த்து எட்டுப் பேருக்கு பாஸ்மதி 600 கிராம், எலும்பில்லாத கோழி ஒன்றேகால் கிலோ, ஒரு கூட்டு, ஒரு பொரியல், அரை கிலோ தயிரில் பச்சடி. அந்தக் கோழிக்கு காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்றரை டீஸ்பூன் போதும். மல்லித்தூளைக் கூட்டி, 250 மில்லி தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். பட்டை, ஏலக்காயை எண்ணிப் போட்டு, எண்ணி எடுத்துவிடுங்கள். கறிவேப்பிலையை ஒதுக்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மரியாதைக்காக மென்று விழுங்குவார்கள், பாவம். சூப்பில் தொடங்கிப் பழகியவர்கள் என்பதால் ரசத்தை முதலிலேயே சின்னக் கோப்பையில் கொடுக்கலாம். தண்ணீரில் இரண்டு வகை: சாதாரணம் ஒன்று, காஸ் ஏற்றியது ஒன்று.

இனிப் பரிமாறுவது. கிண்ணங்களைக் கரண்டியோடு மேசை நடுவில் வைத்து, கைமாற்றி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கையை நீட்டி இலையை மறைத்தாலும் இன்னொரு கரண்டி விழுவது நம் ஊர் உபசாரம். அவர்களோ தட்டில் விழுந்ததை மிச்சம் வைக்கக்கூடாது என்று வளர்ந்தவர்கள். நீங்கள் அன்போடு போட்டதை முக்கி முனகிச் சாப்பிட்டு முடிக்க வேண்டியிருக்கும், முகம் எப்படி மலரும்? ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான், நம்மைப் போல மூன்றாவது அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. முள்கரண்டியும் கத்தியும் தட்டில் அருகருகே சேர்ந்து, பிடிகள் கடிகாரத்தின் நாலு மணிப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் முடித்துவிட்டார் என்று பொருள். தனித்தனியாகவோ குறுக்காகவோ கிடந்தால் இன்னும் சாப்பிடுகிறார், தட்டை எடுக்காதீர்கள்.

கேள்வி: விருந்தாளி கொண்டுவரும் ஒயினை அன்றே திறக்க வேண்டுமா?
- வாசகர், மியூனிக்

கட்டாயமில்லை, நன்றி சொல்லி எடுத்து வைக்கலாம். பரிசுப் பொட்டலத்தை மட்டும் அவர் எதிரிலேயே பிரித்துவிடுங்கள், பூ கொண்டுவந்தால் உடனே ஜாடியில் வையுங்கள். நீங்கள் பூ வாங்கிப் போகும்போது வெள்ளை லில்லியைத் தவிருங்கள், துக்க வீட்டை நினைவூட்டும்.

கேள்வி: ஞாயிறு மூன்று மணிக்கு அழைத்தார்கள். மதியம் சாப்பிடாமல் போனோம். காபியும் கேக்கும்தான் கிடைத்தது. நாங்கள் சைவம். அடுத்த முறை என்ன செய்வது?
- வாசகி, டார்ட்முண்ட்

மூன்று, நான்கு மணி அழைப்பு காபிக்கும் கேக்குக்கும்தான். மதியம் சாப்பிட்டுவிட்டுப் போய், இரவுச் சாப்பாட்டுக்கும் இருங்கள் என்று சொல்லாவிட்டால் ஆறுக்குள் கிளம்பிவிடுங்கள். இருக்கச் சொன்னாலும் ரொட்டி, சீஸ், குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், ஊறவைத்த வெள்ளரிக்காய் என்று அடுப்பு மூட்டாத சாப்பாடாக இருக்கலாம். பல வீடுகளில் இரவு வழக்கமே அதுதான், அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சைவம் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அழைப்பை ஏற்கும்போதே மீன், முட்டை, ஜெலட்டின் என்று பெயர் சொல்லிவிடுங்கள். முட்டை இல்லாத கேக் அங்கே அபூர்வம். கிரீம் கேக்குகள் பலவற்றில் கிரீம் இறுகி நிற்பதற்கு ஜெலட்டின் சேர்ப்பார்கள், அது விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. முந்தின நாள் சொன்னால் கேக் தயாராகியிருக்கும், ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்.