கட்டாரியின் இளமை: ஒரு கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தியக் கடற்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரான வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி எங்கள் செங்கல்பட்டில் பிறந்தவர் என்பதை அண்மையில் அறிந்து பெருமிதம் கொண்டேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகனும் கடற்படையில் சேர விரும்புகிறான். அவனுக்கு மீன ராசி. தளபதிக்குரிய எந்தக் குணங்கள் கட்டாரியிடம் இளமையிலேயே தென்பட்டன? அவற்றை என் மகனிடம் எப்படி வளர்ப்பது?

செ., செங்கல்பட்டு

அன்புள்ள செ.,

மகன்மேல் நீங்கள் வைத்திருக்கும் நம்பிக்கை எனக்குப் பிடித்திருக்கிறது. மீன ராசியை விட்டுவிடுவோம். ஊர்ப் பெருமையையும் சற்று அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டாரி 1911இல் செங்கல்பட்டில் பிறந்தவர்தான், ஆனால் தெலுங்குக் குடும்பத்தவர், படித்தது ஐதராபாத்தில். பெரிய மனிதர்களின் தொட்டிலுக்குள் தலையை விட்டு அறிகுறி தேடும் பழக்கத்தைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவர் 1927இல் பம்பாயில் நின்றிருந்த டஃப்ரின் பயிற்சிக் கப்பலில் முதல் அணி மாணவராகச் சேர்ந்தார். வணிகக் கப்பல்களுக்கு இந்திய அதிகாரிகளை உருவாக்குவதற்காக ஏற்பட்டது அது. அந்தக் கப்பல் தானாக அங்கே வந்து நிற்கவில்லை. சென்னை வழக்கறிஞர் பி. எஸ். சிவசாமி ஐயர் 1922இல் மத்திய சட்டமன்றத்தில் இதற்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். குழு அமைந்தது, அறிக்கை வந்தது, அதன் பிறகே பையன்களுக்கு இடம் கிடைத்தது. பெருமை கொள்ளத்தான் வேண்டுமென்றால் கடலில் பணிபுரியாத அந்த வழக்கறிஞரை நினைத்துக் கொள்ளுங்கள்.

பயிற்சி முடித்த கட்டாரி வைஸ்ராய் தங்கப் பதக்கத்துடன் வெளியே வந்தார். அந்தப் பதக்கம் அவரைக் கடற்படைக்குக் கொண்டுபோகவில்லை. கப்பலில் பயிலுநராக இருந்துவிட்டு, கல்கத்தாத் துறைமுகத்தின் ஹூக்ளி நதி அளவைப் பணியில் சேர்ந்தார். மணல்திட்டுகள் ஓயாமல் இடம் மாறும் ஆறு அது. ஆழம் பார்த்துப் பார்த்து வரைபடத்தைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். 1939இல் போர் மூண்டு அதிகாரிகளுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகே கடற்படையின் ரிசர்வ் பிரிவு அவரை ஏற்றுக்கொண்டது. நீங்கள் தேடும் குணங்கள் அவரிடம் ஹூக்ளியிலும் இருந்திருக்கும். அவற்றைக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தரைப்படைக்கு 1949இல் கரியப்பாவும், விமானப் படைக்கு 1954இல் சுப்ரதோ முகர்ஜியும் தலைமை ஏற்றுவிட்டார்கள். கடற்படையோ 1958 ஏப்ரல் வரை ஆங்கிலேயரின் தலைமையிலேயே இருந்தது. இந்தியருக்குத் தகுதி போதவில்லை என்று இன்றும் சிலர் கூசாமல் எழுதுகிறார்கள். கப்பலை நடத்தி, பிறகு பல கப்பல்களை நடத்தி, அதன் பிறகே ஒருவர் படைத்தலைவராக முடியும். அந்த ஆண்டுகளை எந்த அரசாணையாலும் சுருக்க முடியாது. 1920களில் அதிகாரிகளாகச் சேர்க்கப்படாத பையன்கள்தான் 1947இல் இல்லாமற்போன அட்மிரல்கள். தகுதியைப் பற்றிப் பேசுவோர் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

என் பெரியப்பா வணிகக் கப்பல்களின் இஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலையில் இருந்தார். இஞ்சினின் சத்தத்தைக் கேட்டே பழுது எங்கே என்று சொல்லிவிடுவார். அதிகாரிகள் கப்பலின் பாதையைக் குறிக்கும் வரைபட அறை எங்கே இருக்கிறது என்று சிறுவயதில் அவரிடம் கேட்டேன். மேலே எங்கேயோ என்றார். அவருடைய இளமையில் என்ன அறிகுறி தென்பட்டது என்று கேட்டு இதுவரை யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

உங்கள் மகனுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் படித்து, தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வில் தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டுகள், பிறகு கேரளத்தின் எழிமலையில் ஓராண்டு. குணங்களை வளர்க்கும் வேலையை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கண்பார்வை விதிகளைப் பற்றியெல்லாம் ஐயமிருந்தால், அடுத்த கடிதத்தை நீங்கள் எழுத வேண்டாம். அவனையே எழுதச் சொல்லுங்கள்.