டைக்கிரி யார் பெயர்?

கேள்வி: ரம்மில் எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து தரும் ‘டைக்கிரி’க்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? எழுத்தாளர் ஹெமிங்வேயின் கியூபக் காதலி பெயர் என்று என் நண்பர் சத்தியம் செய்கிறார்.
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: நண்பரை இனிமேல் சத்தியம் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். ஹெமிங்வே பிறந்தது 1899 ஜூலையில். அதற்கு ஓராண்டு முன்பே, 1898 ஜூன் 22 அன்று, ஸ்பெயினோடு போரிட வந்த அமெரிக்கத் துருப்புகள் டைக்கிரியில் கரையிறங்கிவிட்டன. காதலியும் இல்லை, கத்தரிக்காயும் இல்லை. டைக்கிரி ஓர் ஊர். கியூபாவின் தென்கிழக்கில், சாண்டியாகோவுக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து இரும்புச் சுரங்கத்தை நடத்தியது ஓர் அமெரிக்க நிறுவனம். அதில் பொறியாளராக இருந்த ஜென்னிங்ஸ் காக்ஸ்தான் பானத்துக்கு ஊர்ப் பெயரைச் சூட்டினார் என்பார்கள்.

விருந்தாளிகள் வந்த நேரத்தில் ஜின் தீர்ந்துபோக, ரம்மை வைத்து அவர் சமாளித்தார் என்று ஒரு கதை உண்டு. நான் நம்பவில்லை. அவர் கைப்பட எழுதியதாகச் சொல்லப்படும் குறிப்பில் ஆறு பேருக்கு ஆறு எலுமிச்சை, ஆறு தேக்கரண்டி சர்க்கரை, ஆறு கோப்பை பக்கார்டி ரம், இரண்டு சிறு கோப்பை மினரல் வாட்டர், நிறைய நொறுக்கிய ஐஸ் என்று அளவெல்லாம் கச்சிதமாக இருக்கிறது. அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்ததை ஊற்றியவரின் கணக்கா இது?

பெயர் வைத்தார் என்றால் சரி. ‘கண்டுபிடித்தார்’ என்று எழுதுகிறார்களே, அதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. ஸ்பெயினை எதிர்த்துப் போராடிய கியூபர்கள் கரும்புச் சாராயத்தில் எலுமிச்சையும் தேனும் கலந்து குடித்தார்கள். ‘கான்சான்சரா’ என்று அதற்குப் பெயரும் உண்டு. அதற்கும் வெகுகாலம் முன்பு, 1740இல், பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எட்வர்ட் வெர்னன் மாலுமிகளின் ரம்மில் தண்ணீர் ஊற்றச் சொல்லி உத்தரவிட்டார். வேண்டுபவர்கள் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று அதிலேயே சலுகையும் தந்தார். கரும்பும் எலுமிச்சையும் விளையும் தீவில் இந்தச் சேர்க்கைக்கு அமெரிக்கப் பொறியாளர் வந்துதான் வழிகாட்ட வேண்டுமா? 1909இல் லூசியஸ் ஜான்சன் என்ற கடற்படை மருத்துவர் வாஷிங்டனின் ராணுவ, கடற்படை கிளப்புக்கு டைக்கிரியைக் கொண்டுபோனார். பெயர் அமெரிக்காவில் பரவிய வழி அது.

ஹெமிங்வே பிற்பாடு வந்த வாடிக்கையாளர். ஹவானாவின் ஃப்ளோரிடிடா மதுக்கூடத்தில் சர்க்கரை வேண்டாம், ரம் இரண்டு மடங்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். அவருடைய செல்லப் பெயரான ‘பாப்பா’வைச் சேர்த்து அந்த வகைக்குப் ‘பாப்பா டோப்ளே’ (டோப்ளே என்றால் ஸ்பானிஷில் இரட்டிப்பு) என்று பெயரிட்டார்கள். உங்கள் நண்பர் அதன் பேரில் தாராளமாகச் சத்தியம் செய்யலாம்.